லாக்பேக்கோடு ஏழு ஆண்டுகள்: இரவு 2:10 எப்படிக் காலை 6:10 ஆனது

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சோதனை இயந்திரங்களிலிருந்து தரவு வாங்கும் ஜாவா செயலியை ஏழு ஆண்டுகளாகப் பராமரிக்கிறேன். நடப்பதையெல்லாம் நேரத்தோடு குறித்துவைக்கும் பதிவுக்கு லாக் என்று பெயர். அதை எழுதுவது லாக்பேக் என்ற ஜாவா நூலகம். அதன்மேல் எனக்கு மனக்குறை இல்லை. என் தூக்கத்தைக் கெடுத்ததெல்லாம் அமைப்புக் கோப்பில் இருக்கும் ஒற்றை வரிதான். ஒவ்வொரு செய்தியும் எந்த வடிவில் அச்சாக வேண்டும் என்று சொல்லும் வரி.

இரவு ஷிப்டு பார்க்கும் தம்பி ஒருநாள் அழைத்தார். "அண்ணே, மெஷின் இரவு இரண்டு பத்துக்கு நின்றது. லாக்கில் ஆறு பத்து என்று இருக்கிறதே?" திறந்து பார்த்தேன். அதே கோப்பில் இரண்டு 06:10 இருந்தன. மற்றொன்று முந்திய நாள் பகல் 2:10க்கு நடந்த சங்கதி!

இரண்டு தவறுகள் கைகோத்திருந்தன. செயலி ஓடிய டாக்கர் கன்டெய்னர், அதாவது செயலியைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி, யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருந்தது. மலேசியாவில் நாம் அதைவிட 8 மணி முன்னால் இருக்கிறோம். ஆக, இரவு 2:10 அங்கே 18:10. மணிக்குப் பெரிய எச் இரண்டு போட வேண்டிய இடத்தில் யாரோ சிறிய எச் போட்டிருந்தார்கள். அது 12 மணிக் கணக்கு. முற்பகல் பிற்பகல் குறியும் கிடையாது. 18:10 சுருங்கி 06:10 ஆகிவிட்டது. யாரோ என்ன யாரோ, நான்தான். எழுத்தை மாற்றி, தேதி வடிவத்தை அடுத்துக் காற்புள்ளியிட்டுக் கோலாலம்பூர் நேர மண்டலத்தைச் சேர்த்ததும் சரியாயிற்று.

அதே வரியில் ஆண்டுக்குச் சிறிய ஒய்க்குப் பதில் பெரிய ஒய் போடுவது இன்னும் நயவஞ்சகமானது. அது வாரக் கணக்கில் வரும் ஆண்டு, அதாவது அந்த வாரம் எந்த ஆண்டைச் சேர்ந்ததோ அந்த ஆண்டு. மாதக்கணக்கில் சாதுவாக இருந்துவிட்டு, 2024 டிசம்பர் 31ஐ 2025 டிசம்பர் 31 என்று எழுதும்.

செயலிக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் உரிய எண்ணை லாக்கின் ஒவ்வொரு வரியிலும் அடைப்புக்குறிக்குள் காட்ட உதவும் எம்டிசி வசதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது திரெட்டோடு, அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழையோடு, ஒட்டியது. வேலை திரெட் பூலுக்கு, அதாவது காத்திருக்கும் வேறு இழைகளின் கூட்டத்துக்கு, போனால் அடைப்புக்குறி வெறுமையாக நிற்கும். முடித்ததும் துடைக்க மறந்தால் முந்தைய கோரிக்கையின் எண் அடுத்ததன் தலையில் ஏறும். வெறுமையையாவது கண்டுபிடித்துவிடலாம், தவறான எண்ணை நம்பி அரைநாள் அலைந்திருக்கிறேன்.

நிரலின் வரி எண்ணைக் காட்டும் குறியை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு செய்திக்கும் எந்த நிரல் பகுதி எதை அழைத்தது என்ற அழைப்பு அடுக்கைத் துழாவி வருவதால் வேகம் குறைகிறது. சோதனைச் சூழலில் மட்டும் வைத்திருக்கிறேன்.