சி.கியூ.சி. தரமதிப்பீட்டை நம்பி கேர் ஹோம் தேடலாமா?

இங்கிலாந்தில் ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளைக்கு கேர் ஹோம் தேடும் பெற்றோர் முதலில் திறப்பது, பராமரிப்பு இடங்களை ஆய்வு செய்து தரம் சொல்லும் அமைப்பான சி.கியூ.சி.யின் (Care Quality Commission) இணையதளத்தைத்தான். இலவச சேவை. ஊரின் பெயரைப் போட்டாலே இல்லங்களும் அவற்றின் ஆய்வறிக்கைகளும் வந்துவிடும். 'அவுட்ஸ்டாண்டிங்' (மிகச் சிறப்பு) முதல் 'இன்அடிக்குவேட்' (மிக மோசம்) வரை நான்கு படிகள். மோசமான இடங்களைக் கழித்துக்கட்ட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க இது மட்டும் போதாது.

டர்ஹாம் பகுதியில் இருந்த வோர்ல்டன் ஹால் என்ற தனியார் மருத்துவமனையும் 'குட்' வாங்கிய இடம்தான். அங்கே இருந்தவர்கள் பட்ட கொடுமையை 2019 மே மாதம் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி மறைகேமராவில் பதிவுசெய்து காட்டிய பிறகே அது மூடப்பட்டது. பேச்சு வராதவரால் ஆய்வாளரிடம் புகார் சொல்ல முடியாது; ஆய்வாளர் நிற்கும்போது எந்த ஊழியரும் கை ஓங்க மாட்டார்.

அதனால் அறிக்கையில் முதலில் தேதியைப் பாருங்கள். சி.கியூ.சி. ஆய்வு செய்யக்கூடிய இடங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குத் தரமதிப்பீடே தரப்படவில்லை என்று 2024இல் அரசு கேட்டு நடந்த மறுஆய்வு சொன்னது. பழைய அறிக்கை என்றால், அப்போதிருந்த மேனேஜர் இன்னும் இருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் போயிருந்தால் அந்த 'குட்' பெரும்பாலும் அவரோடு போயிருக்கும்.

அடுத்து, பாதுகாப்பு பற்றிய 'சேஃப்' பகுதி. மருந்து பற்றிய பத்தியை வரி விடாமல் படியுங்கள். மனநோய் இல்லாதவர்களுக்கும் நடத்தையை அடக்க மாத்திரை கொடுக்கும் பழக்கத்தைக் குறைக்கவே 2016இல் என்.எச்.எஸ். 'ஸ்டாம்ப்' (STOMP) திட்டத்தைத் தொடங்கியது. 'தேவைப்பட்டால் கொடு' என்று எழுதப்பட்ட மாத்திரைக்குத் தனித் தாள் இருக்க வேண்டும்: என்ன அறிகுறி கண்டால், அதற்குமுன் என்னென்ன செய்துபார்த்த பிறகு, 24 மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு, யார் எப்போது மறுபரிசீலனை செய்வார். இந்தத் தாள் இல்லாத இல்லத்தில் ஆள் குறைந்த இரவுகளில் மாத்திரைதான் ஊழியராகிவிடும்.

அறிக்கையில் பெரும்பாலும் கிடைக்காதது மலச்சிக்கல். பேச முடியாதவர் தலையை முட்டிக்கொள்வார், சாப்பாட்டைத் தள்ளுவார். அதை 'நடத்தைப் பிரச்சினை' என்று எழுதிவைத்துவிடுவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். மலம் கழித்ததைத் தினமும் குறிக்கிறார்களா, எத்தனை நாள் போகாவிட்டால் மருத்துவரை அழைப்பார்கள் என்று நேராகக் கேளுங்கள். தடுமாறும் பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

சின்ன வீடுகளே நல்லது என்பது சி.கியூ.சி.யின் நிலைப்பாடு. சரிதான். ஆனாலும் எல்லோரும் ஒரே வேனில் போய், ஒரே நேரத்தில் சாப்பிட்டு, பூட்டிய சமையலறைக்கு வெளியே காத்திருந்தால் சின்ன வீடும் விடுதிதான்.

தமிழ்ப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று: 'தண்ணி', 'நோகுது', 'வேணாம்' போல பிள்ளை சொல்லும் சொற்களை ஒலிப்பதிவோடு கம்யூனிகேஷன் பாஸ்போர்ட்டில் (பிள்ளை எப்படிப் பேசும் என்று ஊழியருக்குச் சொல்லும் குறிப்பேடு) சேர்க்கச் சொல்லுங்கள். எந்தத் தரமதிப்பீடும் இதைக் கேட்பதில்லை.

நேரில் பார்க்க ஞாயிறு மாலை போங்கள். மேனேஜர் இருக்க மாட்டார், ஏஜென்சி அனுப்பும் தற்காலிக ஆட்கள் அதிகம் இருப்பார்கள். அந்த வாரத்து ரோட்டாவை (யார் எப்போது வேலை என்ற பட்டியல்) காட்டச் சொல்லி, அதில் உள்ள பெயர்களையும் வீட்டில் நிற்கும் ஆட்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.