டெட்வெயிட் டெஸ்டரோடு ஒன்பது வருடம்

கோவையில் பம்ப், வால்வ் கம்பெனிகளுக்கு பிரஷர் கேஜ் காலிபரேஷன் செய்து தரும் சின்ன லேப் எங்களுடையது. 700 பார் பிரஷர் வரை போகும் ஆயில் டெட்வெயிட் டெஸ்டர் ஒன்று ஒன்பது வருடமாக ஓடுகிறது. எடை தெரிந்த வெயிட்களை ஒரு பிஸ்டன் மேல் ஏற்றி, அடியில் இருக்கும் ஆயிலில் துல்லியமான பிரஷரை உண்டாக்கி, அதோடு கேஜை ஒப்பிடும் மெஷின் இது. உராய்வு தடுக்காமல் இருக்க, பிஸ்டனைச் சுற்றிவிட்டு வெயிட்டோடு மிதக்க விடுவோம். எந்தக் கம்பெனி மாடல் என்று சொல்லவில்லை, ஏனென்றால் கீழே வரும் தொல்லைகளில் முக்கால்வாசி எங்கள் கைவரிசை.

வாங்கிய புதிதில், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பையன் பிஸ்டனைக் கழற்றி பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்களில் கையெட்டும் தூரத்தில் ஒரு மூட்டை எப்போதும் கிடக்கும், லேத் துடைக்க அதைவிட நல்லது வேறு இல்லை. ஆனால் இந்த டங்ஸ்டன் கார்பைடு பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய ஒரு மைக்ரான் இடைவெளி, பஞ்சுத் துணுக்கு ஒன்று உள்ளே போனால் கதை முடிந்தது. வழக்கமாக நாலு நிமிடத்துக்கு மேல் சுற்றும் பிஸ்டன் அன்று இருபது நொடியில் நின்றது. அதையும் அவன் இன்னும் வேகமாகச் சுற்றிவிட்டுப் பார்த்திருக்கிறான், துடைத்ததைவிட அதுதான் பெரிய தப்பு. கீறல் விழாதது எங்கள் நல்ல நேரம்.

அதிலிருந்து முறை மாறிவிட்டது. நைட்ரைல் கையுறை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத வைப்பர் துணி. வைப்பரின் ஒரு பக்கத்தால் பிஸ்டனைத் துடைத்தால் அதே பக்கத்தால் மறுபடி துடைப்பதில்லை. சிலிண்டருக்குள் வைப்பரைத் திரி மாதிரி முறுக்கி ஒரே திசையில் இழுப்போம், கறை வராத வரைக்கும். காய்ந்த பிறகு சிலிண்டரின் அடியை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை மேலே வைத்தால், காற்று மெத்தையில் உட்கார்ந்த மாதிரி மெல்ல இறங்க வேண்டும். எங்கேயாவது தயங்கினால் அழுத்தித் தள்ளாமல் முதலிலிருந்து துடைப்போம். சுத்தமாக இறங்கினால்தான் ஆயில். அப்புறம், எவ்வளவு நேரம் சுற்றியது என்று மாதம் ஒருமுறை ஒரே பிரஷரில் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். லேப்பில் எனக்கு மிகவும் உதவும் பதிவு அந்த நோட்டுதான்.

அழுக்கு பெரும்பாலும் வாடிக்கையாளர் கேஜிலிருந்துதான் வருகிறது. தண்ணீர், கூலன்ட், கிரீஸ் என்று எல்லாம் அதன் வயிற்றில் இருக்கும். முதல் இரண்டு வருடம் அதைத் தடுத்துப் பிடிக்கும் டிராப் போடாமல் ஓட்டினோம், உள்ளே இருந்த ஆயில் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. இப்போது நடுவில் ஒரு லிக்விட் டிராப் உண்டு. ஆக்சிஜன் கேஜ் வந்தால் இந்த மெஷின் பக்கமே கொண்டுபோவதில்லை. ஆயிலும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

இன்னொன்று. ஐந்தாவது வருடம் வெயிட் வேகமாக இறங்க ஆரம்பித்தது. பிஸ்டன் தேய்ந்துவிட்டது, பெரிய செலவு என்று பயந்தோம், கடைசியில் பார்த்தால் பிரஷரை ஏற்றும் ஸ்க்ரூ பிரஸ்ஸின் ஓ-ரிங் ஒழுகியிருக்கிறது. இப்போது வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறோம், பிரச்சினை இல்லை.

எவ்வளவு துடைத்தாலும் போகாத பிழை ஒன்றும் உண்டு. எங்கள் வெயிட்கள் 9.80665 என்ற நிலையான புவியீர்ப்புக்குச் செய்தவை, நம் ஊரில் அது ஏறக்குறைய 9.78தான். திருத்தம் போடாவிட்டால் 0.27 சதவீதம் போய்விடும், 0.02 சதவீதம் துல்லியம் என்று போட்டு வாங்கிய மெஷினில்!

வெயிட்களைப் பொறுத்தவரை வெறும் கையால் தொடக்கூடாது, பாலிஷ் போட்டு மினுக்கக்கூடாது, உலோகம் தேய்ந்தால் எடை போச்சு. ஒரு ஆயுத பூஜைக்கு வந்து பார்த்தால் ஐந்து கிலோ வெயிட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பொறித்திருந்த எண்ணின் பள்ளத்திலிருந்து அதை எடுக்க அரை நாள் ஆனது. இப்போது பொட்டு பெட்டி மூடிக்கு மட்டும்.

மெஷினைச் செய்தவர்கள் மேல் எனக்கு இருக்கும் ஒரே புகார் அந்தப் பெட்டி. உள்ளே ஒட்டியிருந்த ஃபோம் ஏழாவது வருடமே பிசுபிசுத்து, கறுப்புப் பொடியாக உதிர்ந்து வெயிட்டில் ஒட்டிக்கொள்கிறது. இவ்வளவு விலை வாங்கிவிட்டு இதிலா மிச்சம் பிடிப்பது? அடுத்த காலிபரேஷனுக்கு அனுப்புவதற்குள் மரப்பெட்டி ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன், ஆசாரி இன்னும் அளவெடுக்கவே வரவில்லை.