ஒரே விரல்கள், இரண்டு தொனிகள்: ஸ்ட்ராட்டா, லெஸ் பாலா?

எலக்ட்ரிக் கிடாரில் எந்தத் தொனி உயர்ந்தது என்று வாசிப்பவர்களிடம் கேட்டால் பேச்சு விடிய விடிய நீளும். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) என்று ஒருவர் சொல்ல, கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் என்று இன்னொருவர் மறுப்பார். சிக்கல் என்னவென்றால், கிடார் மாறும்போது வாசிக்கும் ஆளும் மாறிவிடுகிறார். கேட்பது கருவியின் குணமா, கையின் குணமா என்று பிரித்தறிய வழியில்லை. ஆகவே நான் எப்போதும் ஒரே மனிதரின் இரண்டு பதிவுகளைத்தான் எடுத்துக்கொள்வேன்.

அவர் பிரிட்டிஷ் ராக் குழுவான டயர் ஸ்ட்ரைட்ஸின் மார்க் நாப்ஃப்ளர். 1978இல் வந்த 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' பாடலில் ஸ்ட்ராட். 1985இல் வந்த 'மணி ஃபார் நத்திங்' பாடலில் லெஸ் பால். இரண்டிலும் தந்தியை மீட்டும் சிறு தகடான பிளெக்ட்ரம் கிடையாது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும்தான்.

முதல் பாடலை அவர் உலோக உடல் கொண்ட ஒரு நேஷனல் கிடாரில்தான் உருவாக்கினார். அப்போது அது சப்பென்று இருந்ததாகவும், 1977இல் முதல் ஸ்ட்ராட்டை வாங்கியதும் எல்லாமே மாறிவிட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். மெட்டு அதேதான், தொனி வந்த பிறகே அது பாட்டாகியிருக்கிறது. தொனியை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தச் செய்தியைத்தான்.

அந்தத் தொனி தற்செயலாகக் கிடைத்தது என்பது இன்னும் அழகு. 1954இல் ஸ்ட்ராட் வந்தபோது மூன்று பிக்கப்புகளும் (தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தச் சுருள்கள்) மூன்று நிலைச் சுவிட்சும் இருந்தன; ஒரு நேரத்தில் ஒரு பிக்கப் மட்டுமே ஒலிக்கும் என்பது ஏற்பாடு. வாசித்தவர்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலித்தன. ஐந்து நிலைச் சுவிட்சை ஃபெண்டர் நிறுவனமே பொருத்தத் தொடங்கியது 1977இல்தான். சுல்தான்ஸில் கேட்பது, கிடாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பாலத்தை ஒட்டிய பிக்கப்பும் நடுப் பிக்கப்பும் சேர்ந்த ஒலி. ஒரே தந்தியின் அதிர்வை இரண்டு இடங்களில் கேட்பதால் சில அதிர்வெண்கள் கூடுகின்றன, சில ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நடுப்பகுதி குழிந்து, வெண்கலக் கிண்ணத்தை நகத்தால் சுண்டியது போன்ற ஒரு பளிச்சிடல் மிஞ்சுகிறது.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடலின் இடையிடையே பாடும் குரலுக்குக் கிடார் தரும் சிறு பதில்களை மட்டும் கேளுங்கள். விரல் சதை தந்தியைக் கவ்வி இழுத்து விடுகிறது. கிடாரின் கழுத்தில் பதித்த உலோகக் கம்பியான ஃபிரெட்டில் தந்தி மோதி ஒரு சொடுக்குச் சத்தம் எழுகிறது. அதன் பிறகே ஸ்வரம் மலர்கிறது. மெல்லத் தொட்ட ஸ்வரம் மென்மையாகவே இருக்கிறது, ஓங்கி இழுத்தது குத்துகிறது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் எதையும் மூடி மறைக்கவில்லை.

இனி லெஸ் பால். அதன் உயிர் ஹம்பக்கர் பிக்கப். கிப்சனில் பணியாற்றிய சேத் லவர் வடிவமைத்த இது, 1957 முதல் லெஸ் பாலில் வந்தது. எதிரெதிர்க் காந்த முனைகளோடு இரண்டு சுருள்கள். வெளியிலிருந்து நுழையும் மின் முனகல் இரண்டிலும் எதிரெதிராக வந்து அழிந்துபோகிறது; தந்தியின் ஒலியோ கூடிக்கொள்கிறது. வலு ஏறுகிறது, உச்ச அதிர்வெண்களின் கூர்மை குறைகிறது, ஆம்ப் எளிதில் கரகரக்கிறது.

மணி ஃபார் நத்திங்கின் தொடக்க வாசிப்பில் பெரும்பாலும் இரண்டிரண்டு தந்திகள்தான் ஒலிக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு: கரகரப்பு ஏறிய ஆம்ப், சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களிலிருந்து புதிய அதிர்வெண்களைப் பிறப்பிக்கும், பல ஸ்வரங்கள் சேர்ந்த முழு கார்டு வாசித்தால் ஒலி சேறாகிவிடும். நாப்ஃப்ளர் அந்த இரண்டு தந்திகளையும் விரல்களால் ஒரே கணத்தில் பறிக்கிறார். பிளெக்ட்ரத்தால் உரசியிருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்திருக்கும். அந்த அடியின் அழுத்தம் கிடைத்திருக்காது.

அவர் தேடியது அமெரிக்க ராக் குழுவான ஸீஸீ டாப்பின் கிடார் கலைஞர் பில்லி கிப்பன்ஸுடைய தொனியை. கரீபியன் தீவான மான்ட்செராட்டின் ஏர் ஸ்டூடியோவில், ஒலிவாங்கிகளை இன்னும் சரிசெய்து முடிக்காத நேரம். ஒன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, இன்னொன்று ஒலிபெருக்கிக்கு நேராகவே இல்லை. அந்த நிலையில் எழுந்த ஒலியே பதிவானது என்று ஒலிப்பதிவுப் பொறியாளர் நீல் டார்ஃப்ஸ்மன் பின்னாளில் விவரித்திருக்கிறார். மூக்கடைத்த குரல்போல் வரும் அந்த விசித்திரத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் வாசிப்பவர் கோணத்தில் பார்த்தால் ஸ்ட்ராட்டுக்கு ஒரு பெருங்குறை உண்டு. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலை அதன் ஒற்றைச் சுருள் அப்படியே உள்ளிழுக்கும். இரவில் ஆம்ப் ஒலியைச் சற்று ஏற்றினாலே என் அறையில் ஊம் என்ற சத்தம் நிறைந்துவிடும். நாற்காலியோடு கால் வட்டம் திரும்பி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் ஏறக்குறைய அடங்கும். பல ஆண்டுகளாக ஜன்னலைப் பார்த்தே வாசிக்கிறேன். லெஸ் பாலில் இந்தத் தொல்லை இல்லை. அதன் தந்தி நீளமும் 24.75 அங்குலம்தான், ஸ்ட்ராட்டில் 25.5. நீளம் குறைந்தால் இழுவிசை குறையும். வீணையில் செய்வதுபோல் தந்தியை இழுத்து மேல் ஸ்வரத்தைத் தொட்டு அங்கேயே நிற்க, லெஸ் பாலே இதமானது. நீண்டு நிற்கும் ஸ்வரங்கள்தான் உங்கள் விருப்பமென்றால் யோசிக்காமல் அதை எடுங்கள்.

ஆனாலும் என் கை ஸ்ட்ராட்டுக்குத்தான் போகிறது. கரகரப்பு ஏறிய லெஸ் பாலில் மெல்லிய தொடுகையும் பலத்த தொடுகையும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. தவறான விரலையும் அது பெருந்தன்மையோடு மன்னித்துவிடும். ஸ்ட்ராட் மன்னிக்காது. நான் தயங்கிய இடத்தில் அதுவும் தயங்கி ஒலிக்கிறது, அந்த நேர்மைக்காகவே அதை விட முடியவில்லை. லெஸ் பாலிலும் இதன் சாயல் வேண்டுமென்றால் ஆம்பைத் தொடாமல், கிடாரின் வால்யூமைப் பத்திலிருந்து ஆறுக்கு இறக்கி விரலால் வாசித்துப் பாருங்கள். கரகரப்பு விலகி, ஒலி வெகுவாகத் தெளியும். அந்தச் சொடுக்கு மட்டும் முழுதாக வராது.