குமரி விறகுக் கணக்கு: எக்செல்லா, லீனியர் புரோகிராமிங்கா, சிமுலேஷனா?

ஒரு மெகாவாட் மின்சாரம் தரும் சின்ன பாய்லரை இரவு பகலாக எரிய விட, நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 டன் காய்ந்த விறகு வேண்டும். குமரி மாவட்டத்தில் அது கிடைக்குமா? ரப்பர் கொப்பு, சிரட்டை, கதம்பல் (தேங்காய் உரிமட்டை), கொதும்பு (தென்னம்பாளை), தென்னை மட்டை, நாஞ்சில் நாட்டு வைக்கோல் என்று வாயால் அடுக்கிவிடலாம். எந்த மாதம், எந்த ஊரிலிருந்து, எத்தனை டெம்போவில் வரும் என்று கேட்கும்போதுதான் கணினியைத் திறக்க வேண்டியிருக்கிறது.

பலரும் முதலில் திறப்பது எக்செல். ஆலையைச் சுற்றி ஒரு வட்டம், அதற்குள் ஏக்கருக்கு இத்தனை டன் கழிவு. சராசரி தூரத்துக்கு வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, சாலை வளைவுக்காக அதை 1.3 ஆல் பெருக்கு. சமவெளிக்கு இது போதும். நாகர்கோவிலை நடுவில் வைத்து 20 கிலோமீட்டர் வட்டம் போட்டால் தெற்கே ஒரு பெரிய துண்டு கடலில் கிடக்கும். குலசேகரத்தில் வைத்தாலோ வடகிழக்கே காப்புக்காடு. அங்கே அனுமதி இல்லாமல் சுள்ளிகூடப் பொறுக்க முடியாது. நான் போட்ட முதல் கணக்கும் இப்படித்தான், மீனும் யானையும் சேர்ந்து விறகு தரும் கணக்காக இருந்தது.

ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் அமைப்பு) வரைபடம் இந்தத் தப்பைத் திருத்தும். அதற்கான கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலைகளும் கிடைக்கும். ஆற்றுக்கு அக்கரையில் கண்ணெதிரே தெரியும் தோட்டத்துக்குப் பாலம் சுற்றித்தான் போக வேண்டும் என்பது அதற்குத் தெரியும். மார்கழி, தை வாக்கில் ரப்பர் இலை உதிர்க்கும் என்பதால், சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை மாதவாரியாக ஒப்பிட்டால் ரப்பரையும் தென்னையையும் ஓரளவு பிரித்துவிடலாம். ஆனால் இது தனிப் போட்டியாளர் இல்லை. அடுத்த இரண்டுக்கும் தீனி போடும் வேலைதான் இதற்கு.

நிஜப் போட்டி லீனியர் புரோகிராமிங்குக்கும் சிமுலேஷனுக்கும் நடுவில்தான். லீனியர் புரோகிராமிங் (நேர்கோட்டுச் சமன்பாடுகளை வைத்துச் சிறந்த விடையைத் தேடும் கணக்கு) பழைய கை. அமெரிக்கக் கணிதவியலாளர் டான்ட்சிக் 1947-இல் அதைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையைத் தந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஆலை எங்கே, சேகரிப்பு மையம் எங்கே, எந்த மையத்திலிருந்து எந்த மாதம் எத்தனை டன் என்று கேட்டால், செலவு மிகக் குறைந்த பதிலைக் கொடுக்கும். இடம் தேர்வதற்கு ஆம்/இல்லை மாறிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். பைத்தான் நிரல்மொழியில் பல்ப் நூலகம் போதும், காசு செலவில்லை.

அதற்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. 12 மாதக் கணக்கு கொடுத்தால் கடைசி மாதத்தில் கொட்டகையைத் துடைத்துக் காலி செய்துவிடும். பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. கடைசியில் இவ்வளவு இருப்பு மிஞ்சவேண்டும் என்று நாம்தான் எழுதிவைக்க வேண்டும். இன்னொரு சிக்கல், ஈரம். மாதத்துக்கு ஒரு ஈர அளவு என்று முன்கூட்டியே வைத்தால் சரி. ஆனால் பழைய காய்ந்த விறகும் புதிய பச்சை விறகும் ஒரே குவியலில் கலந்தால், அளவையும் ஈரத்தையும் பெருக்க வேண்டிவரும். கணக்கு அத்தோடு நேர்கோட்டை விட்டு விலகிவிடும்.

நம்மூரில் ஈரம் சின்ன விஷயம் இல்லை. 20 சதவீத ஈரமுள்ள 10 டன் விறகு தரும் வெப்பத்தை, பாதி எடை தண்ணீராக இருக்கும் பச்சை விறகிலிருந்து எடுக்க ஏறக்குறைய 18 டன் வேண்டும். இடவப்பாதியில் (ஜூன் வாக்கில்) ஒரு மழை, துலாமாதத்தில் (ஐப்பசியில்) இன்னொரு மழை. நடுவில் காயவைக்கக் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம். பத்து லோடு போதும் என்று போட்ட கணக்கு பதினெட்டாகும் அதே வாரத்தில்தான் தோட்டத்து மண்பாதையில் டெம்போ சக்கரம் புதையும்.

சிமுலேஷன் பலம் காட்டுவது இங்கேதான். இது சிறந்த விடையைத் தேடாது. ஒவ்வொரு லோடையும், எடை மேடை வரிசையையும், சிப்பர் (விறகைத் துண்டாக்கும் இயந்திரம்) பழுதையும், மழை நாளையும் நாள்வாரியாக நடத்திக் காட்டும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் மக்காச்சோளத் தட்டைக்காக உருவாக்கி 2006-இல் வெளியிட்ட ஐப்சால் மென்பொருள் இந்த வகைதான். வானிலைக்கு ஏற்ப ஈரம் மாறுவதும் வேலை தடைபடுவதும் அதற்குள்ளேயே உண்டு. நாமே எழுதுவதென்றால் பைத்தானில் சிம்பை நூலகம் இருக்கிறது. கொட்டகை 10 நாள் இருப்புக்குப் போதுமா, 25 நாளுக்கா என்று கேட்டு, மழையை மாற்றி மாற்றி 200 தடவை ஓட்டினால், ஐப்பசியில் பாய்லர் எத்தனை தடவை பட்டினி கிடந்தது என்று எண்ணிவிடலாம். தொல்லை என்னவென்றால், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் என்ற தரவை நாமே அலைந்து சேகரிக்க வேண்டும்.

என் ஓட்டு சிமுலேஷனுக்கு. தமிழ்நாடு முழுக்க நூறு இடங்களில் எங்கே ஆலை வைப்பது என்றால் லீனியர் புரோகிராமிங்கை விட்டால் வழியில்லை. இந்த மாவட்டத்தில் தக்கலை, குலசேகரம், மார்த்தாண்டம், ஆரல்வாய்மொழி என்று நாலைந்து இடங்கள்தான் யோசிக்கத் தேறும். நாலையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்துவிடலாமே, கொசுவுக்குப் பீரங்கி எதற்கு?

எந்த மென்பொருளை எடுத்தாலும் "பரப்பு பெருக்கல் கழிவு" என்ற வரியை நம்பி இறங்க வேண்டாம். ரப்பர் தடி ஒட்டுப்பலகை ஆலைக்குப் போகும், சிரட்டை கரிச் சூளைக்குப் போகும். ரப்பர் விலை ஏறினால், 25, 30 வயதான மரத்தையும் வெட்டாமல் இன்னொரு வருஷம் பால் வெட்டலாம் என்று பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள். அந்த வருஷம் கொப்பும் வராது. வைக்கோலை மாடு விட்டுக்கொடுத்தாலும், அதன் சாம்பல் பாய்லருக்குள் உருகிக் கட்டியாகும்.

அதனால் நிரல் எழுதும் முன்பே, ஆனியில் ஒரு தரம், ஐப்பசியில் ஒரு தரம், மாசியில் ஒரு தரம் விறகுக் கடைகளில் ஈரமானியைக் குத்திப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்வேன். சிமுலேஷனுக்குள் போட வேண்டிய முதல் அட்டவணை அதுதான்.