ஈரோட்டில் எட்டு ஞாயிறு: தமிழில் பன்னாட்டு உறவுகள் வகுப்பு

யூ.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதப் போகிறேன். விருப்பப் பாடம் அரசியல் அறிவியல். அதில் பன்னாட்டு உறவுகளைத் தமிழில் சொல்லித்தர ஆள் தேடி ஒரு வருடம் அலைந்தேன். கடைசியில் ஈரோடு மேட்டூர் ரோட்டில், ஜவுளிக் குடோனுக்கு மேல் மாடியில் நடக்கும் இந்த வகுப்பு கிடைத்தது. எட்டு ஞாயிறு, 2,400 ரூபாய். திருச்செங்கோட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன்.

முதல் மூன்று வாரம் சுமார்தான். நாடுகள் ஏன் அதிகாரத்துக்கு முட்டிக்கொள்கின்றன என்பதற்கு மார்கெந்தாவ் என்ற பன்னாட்டு உறவுகள் அறிஞர் சொன்ன காரணம், அதிகார ஆசை மனித சுபாவத்திலேயே இருக்கிறது என்பது. எனக்கு அது ஒட்டவில்லை.

நான்காவது வாரம் சார் என்னை எழுப்பி, "கண்ணு, உங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் 800 அடி போர்வெல் போட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"ஆயிரம் போடுவோமுங்க சார்."

"அவர் மேல கோபமா?"

"இல்லீங்க சார், பங்காளிதானுங்க. தண்ணி அந்தப் பக்கம் போயிருமேன்னு பயமுங்க."

எங்கள் அப்பா இருபது வருடம் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போனவர். ஒரு காட்டில் வண்டி நின்றால் அடுத்த வாரமே பக்கத்துக் காட்டுக்கும் கூப்பிடுவார்கள் என்பார். அங்கே யாரும் பேராசைக்காரர் இல்லை. ஆனால் எல்லோருடைய கிணறும் வற்றியது. 1950இல் ஜான் ஹெர்ட்ஸ் என்ற அறிஞர் 'பாதுகாப்பு இக்கட்டு' என்று பெயர் வைத்தது இப்படி ஒரு நிலைக்குத்தான்: என் பாதுகாப்புக்கு நான் செய்வது உனக்குப் பயமாகிறது, நீ பயந்து செய்வது திரும்ப எனக்குப் பயமாகிறது. 1906இல் பிரிட்டன் டிரெட்நாட் என்ற புதுவகைப் போர்க்கப்பலை மிதக்கவிட்டதும் ஜெர்மனியும் அதே மாதிரி கட்டத் தொடங்கியது. 1964இல் சீனா அணுகுண்டு வெடித்தது, 1974இல் நாம் பொக்ரானில். 1998 மே மாதம் நாம் மறுபடி வெடிக்க, அதே மாதம் பாகிஸ்தானும் வெடித்தது. தேதிகள் எனக்கு முன்பே மனப்பாடம். அவற்றைக் கோர்க்கும் கயிறு அன்றைக்குத்தான் கையில் கிடைத்தது.

உவமை எங்கே நிற்கும் என்பதையும் சாரே சொன்னார். தோட்டத் தகராறு முற்றினால் தாசில்தார் இருக்கிறார், கோர்ட் இருக்கிறது. நாடுகளுக்கு மேலே அப்படி யாரும் இல்லை. ஐ.நா. பாதுகாப்பு சபையில் ஐந்து நாடுகள் கையில், தீர்மானத்தைத் தடுக்கும் வீட்டோ அதிகாரம் இருக்கிறது. நாடுகள் முட்டிக்கொள்ளக் காரணம் மனித சுபாவம் இல்லை, இந்த நிலைதான் என்ற தன் வாதத்தை 1979இல் கென்னத் வால்ட்ஸ் என்ற அறிஞர் எழுப்பியது இந்த இடத்திலிருந்துதான். புத்தகங்களில் இதை 'அராஜகம்' என்று போட்டிருப்பார்கள். படிக்கும்போது கலவரம், கல்வீச்சு என்றுதான் எனக்குத் தோன்றும். சார் அந்தச் சொல்லைத் தொடாமல் 'மேலே ஆள் இல்லாத நிலை' என்றே கடைசிவரை சொன்னார். தமிழில் படிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

குறை, கடைசி வாரம். வால்ட்ஸ், அளவுக்கு மீறிப் பலம் சேர்த்தால் மற்றவர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்ப்பார்கள், ஆகவே போதும் என்ற இடம் ஒன்று உண்டு என்பார். 2001இல் மியர்ஷைமர் என்ற இன்னொரு அறிஞர், நாளைக்கு அடுத்தவன் மனசு எப்படி மாறும் என்று தெரியாதபோது 'போதும்' என்பதற்கு அளவே கிடையாது, தன் பிராந்தியத்தில் தனிப்பெரும் வல்லரசாவதே பத்திரம் என்பார். தேர்வில் திரும்பத் திரும்பக் கேட்கக்கூடிய இந்தச் சண்டையை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். நோட்ஸிலும் ஒரு பக்கம்தான், அதிலும் அச்சு மங்கல்.

என் கேள்வி ஒன்றும் அப்படியே நிற்கிறது. 1987 ஒப்பந்தப்படி அமெரிக்காவும் சோவியத் யூனியனும் சேர்ந்து 2,692 ஏவுகணைகளை அழித்தன. மேலே ஆள் இல்லாமலே எப்படி நடந்தது? கேட்டேன், "நேரம் இல்லை கண்ணு" என்றார். ஒன்பதாவது ஞாயிறு ஒன்று வைத்து இதை மட்டும் எடுத்தால், இன்னொரு 300 ரூபாய் கட்டி முதல் பெஞ்சில் வந்து உட்காருவேன்.