கிராங்க் ஜாம் ஆகிவிட்டது என்கிறார்களா? முதலில் மரையைப் பாருங்கள்

சைக்கிளின் கிராங்க், அதாவது பெடல் மாட்டியிருக்கும் கை, கழலவே மாட்டேன் என்கிறது, துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது, அதனால் இரண்டு பக்கக் கிராங்க், பல்சக்கரம், ஆக்ஸில், பேரிங் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்ற வேண்டும் என்று ஒரு கடையில் சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அது முழுப் பொய். கிராங்க் கழலாமல் போனதற்குக் காரணம் அவர்கள் வேலை பார்த்த விதம். கெடுத்தது அவர்கள், செலவு என் தலையில்.

என் சைக்கிளில் மிதிக்கும்போதெல்லாம் அடியிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. கிராங்க்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லேசாக ஆடியது. பேரிங் தேய்ந்தால் இப்படித்தான் இருக்கும். அதை மாற்ற வேண்டும் என்றால் முதலில் கிராங்க்குகளைக் கழற்றியாக வேண்டும். தினமும் நடக்கிற வேலை, சரியான கருவி இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கடையில் விட்டுவிட்டு வந்தேன்.

மாலையில் போனால், "ரெண்டு பக்கமும் ஜாம் ஆயிடுச்சு சார். எவ்வளவோ அடிச்சுப் பார்த்துட்டோம், அசையவே இல்ல. முழு செட்டும் போட்டாத்தான் ஆகும்" என்றார். அடித்துப் பார்த்ததாக அவரே சொன்னது எனக்கு உறுத்தியது. செட் வேண்டாம், வண்டியைக் கொடுங்கள் என்றேன். கழற்றாத கிராங்க்குக்கும் கூலி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்.

வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அதைச் சொல்வதற்கு முன், கிராங்க் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பல சைக்கிள்களில், இரண்டு கிராங்க்கையும் இணைக்கும் ஆக்ஸிலின் முனை சதுரமாக, நுனியை நோக்கிக் கொஞ்சம் குறுகிக்கொண்டே போகும். கிராங்க்கில் உள்ள சதுர ஓட்டை அதன்மேல் ஆப்பு போல ஏறி இறுகிக்கொள்ளும். போல்ட்டைக் கழற்றினாலும் கிராங்க் கையோடு வராது. அதற்கென்றே கிராங்க் ஓட்டையின் வாயில் 22 மில்லிமீட்டர் மரை, அதாவது திருகு வரிகள், வெட்டியிருப்பார்கள். கிராங்க்கை இழுத்தெடுக்கும் கருவியான புல்லரை அந்த மரையில் கடைசிவரை ஏற்றி, நடுவில் இருக்கும் தண்டைத் திருக வேண்டும். தண்டு ஆக்ஸிலின் முனையைத் தள்ள, கிராங்க் வெளியே நகர்ந்து வரும்.

புல்லர் எஃகு, கிராங்க் அலுமினியம். புல்லர் முழுதாக ஏறாமல் இரண்டு மூன்று சுற்று மட்டும் பிடித்த நிலையில் தண்டை முறுக்கினால், உரிந்து வருவது அலுமினிய மரைதான். கோணலாக ஏற்றினாலும் இதே கதி. இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. போல்ட்டுக்கு அடியில் தனி வாஷர் இருக்கிற வண்டிகளில் அதை எடுக்க மறந்துவிடுவது. வாஷர் கிராங்க்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் புல்லர் தண்டு போய் முட்டினால், கிராங்க்கைக் கிராங்க்காலேயே இழுப்பதாகிவிடும். எத்தனை பலம் போட்டாலும் அசையாது, மரைதான் போகும்.

என் வண்டியில் நடந்தது இதுவேதான். இடது கிராங்க்கின் வாயில் மரை இருந்த இடம் வழவழவென்று இருந்தது. பழைய கிரீஸில் பளபளவென்று அலுமினியச் சுருள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. போல்ட்டைக் கழற்றி வாஷரை எடுத்தேன். தட்டையாக இருக்க வேண்டியது நடுவில் குழிந்து, ஓட்டையைச் சுற்றிப் புதிதாக ஒரு வட்டத் தடம் பதிந்திருந்தது. அது புல்லர் தண்டு அழுத்திய தடம். கிராங்க்கின் பின்பக்கத்தில் சுத்தியல் அடி வேறு. வலது பக்கத்திலோ மரை அப்படியே புதிதுபோல் இருந்தது. அந்தப் பக்கம் அவர்கள் புல்லரைப் போட்டுப் பார்த்ததற்கான அடையாளமே இல்லை.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வலது கிராங்க் புல்லரைப் போட்டதுமே ஒரு சின்ன முறுகல் சத்தத்தோடு வந்துவிட்டது. துருவே இல்லை. இடது பக்கத்துக்கு, மோட்டார் பட்டறைகளில் கியர் இழுக்கிற கொக்கிப் புல்லரைக் கிராங்க்கின் பின்னால் மாட்டி, கொஞ்சம் சூடுகாட்டி எடுத்தார். அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி தளர்ந்துவிடும். ஆக்ஸில் நன்றாகவே இருந்தது. மாற்ற வேண்டியிருந்தது பேரிங்கும், அந்தக் கடை கெடுத்து வைத்த இடது கிராங்க்கும் மட்டும்தான்.

கெட்ட கிராங்க்கையும் வாஷரையும் எடுத்துக்கொண்டு முதல் கடைக்குப் போனேன். "நீங்க கொண்டு வரும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு" என்று முகத்தைப் பார்த்தே சொன்னார். வலது பக்கம் எப்படி உடனே வந்தது என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை, கூலியும் திரும்பி வரவில்லை. தவறி ஒரு மரை போவது எந்தக் கடையிலும் நடக்கக்கூடியதுதான். அதை மூடி மறைத்து, வண்டிக்காரன் தலையில் ஒரு முழு செட்டைக் கட்டப் பார்த்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதனால் வண்டியை விடும் முன்பே கிராங்க் நடுவில் உள்ள பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்து, இரண்டு பக்க மரையையும் கிட்டத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பது கடைக்காரர் கண்ணெதிரே இருந்தால் இன்னும் நல்லது. ஜாம் என்றால், புல்லர் முழுதாக ஏறுகிறதா என்று உங்கள் முன்னால் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பழைய சாமானை, உடைந்ததாக இருந்தாலும், கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. எல்லாக் கிராங்க்குக்கும் ஒரே புல்லர் கிடையாது. உள்ளே குழாய்போல் இருக்கும் பல்வெட்டு ஆக்ஸிலுக்குப் புல்லர் தண்டில் பெரிய முனை வேண்டும். சின்ன முனையைப் போட்டால் அது ஆக்ஸிலின் துளைக்குள்ளேயே இறங்கி உள்மரையைக் கெடுத்துவிடும். இடது கிராங்க்கில் பக்கவாட்டாக இரண்டு சின்ன போல்ட் இருக்கும் வகைக்குப் பெரும்பாலும் புல்லரே தேவையில்லை. இரண்டையும் தளர்த்தி, மூடியைக் கழற்றி, சின்னப் பூட்டுத் தகடு இருந்தால் அதையும் தூக்கிவிட்டால் கையாலேயே இழுத்துவிடலாம். அதற்கு யாராவது சுத்தியலைத் தூக்கினால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

மரை போன பிறகு சிலர், "போல்ட்டை லூஸ் பண்ணிட்டு ஓட்டுங்க, தானா வந்துரும்" என்பார்கள். வரும். ஆனால் வரும்போது அந்தச் சதுர ஓட்டையை எஃகு ஆக்ஸில் தின்றுவிடும். அப்புறம் அந்தக் கிராங்க் எந்த வண்டியிலும் நிற்காது. எழுந்து நின்று மிதிக்கிற நேரத்தில் கழன்றால் விழுகிறவர் நீங்கள். கொக்கிப் புல்லர் வைத்திருக்கும் பட்டறை ஒன்றைத் தேடிப் போங்கள்.