“பெல்ட் இருக்கு சார்”

காலை நாலரை மணி, சென்னை விமான நிலையக் கார் பார்க்கிங். ஏழு சீட் வண்டி ஒன்றின் நடு வரிசையில் மண்டிபோட்டு, சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். கிடைத்தது: ஒரு இரண்டு ரூபாய் நாணயம், வேர்க்கடலைத் தோல், ஏதோ ஒரு பெண் குழந்தையின் ஹேர் கிளிப், காய்ந்துபோன மல்லிகை நாலு. கிடைக்காதது: சீட் பெல்ட்டைச் செருகும் பக்கிள்.

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு பிரிட்டனுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். பையனுக்குக் காதுகுத்து, வங்கியில் கேஒய்சி, சிம் கார்டு எல்லாம் ஒழுங்காக நடந்தது, அதனால் அதையெல்லாம் எழுத ஒன்றுமில்லை. எழுத இருப்பது அந்தப் பக்கிளைப் பற்றித்தான்.

யோசிக்காமல் வந்து மாட்டிக்கொண்டவன் இல்லை நான். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே டிராவல்ஸ்காரருக்கு வாட்ஸப்பில் எழுதினேன். எட்டு மாதக் குழந்தை, அவனை உட்கார வைக்கிற கார் சீட் கொண்டு வருகிறோம், கும்பகோணம் வரை ஆறேழு மணி நேரம் போக வேண்டும், நடு வரிசையில் தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்துப் போடுகிற பெல்ட் கட்டாயம் வேண்டும் என்று. பதிலாக ஒரு கட்டைவிரல், கூடவே “பெல்ட் இருக்கு சார்”. அவர் பொய் சொல்லவில்லை. பெல்ட் இருந்தது, ஜன்னலோரத்தில் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நாக்கைச் செருகத்தான் இடமில்லை.

டிரைவர் தம்பிக்கு முப்பது வயது இருக்கும், ரொம்ப மரியாதையான பையன். “போன மாசம்தான் சார் புது சீட் கவர் போட்டேன், பதினோராயிரம். பக்கிள் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா கவர் சுருங்கும், உக்கார்றவங்களுக்குக் குத்தும். அதான் உள்ள தள்ளிவிட்டுத் தெச்சிட்டாங்க.” கொஞ்சம் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பின்னாடி யாரும் போட மாட்டாங்களே சார்” என்றார். முன்னாடி மட்டும் என்ன வாழ்கிறது என்று எட்டிப் பார்த்தேன். அவருடைய பக்கிளில் பெல்ட்டுக்குப் பதிலாக ஒரு சின்ன உலோகக் கிளிப் செருகியிருந்தது, பீப் சத்தம் வராமல் இருப்பதற்கு. 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டு, இந்தக் கிளிப்பை விற்ற 13,118 இணையப் பக்கங்களை எடுக்க வைத்தது. அதற்கு முன்னாலேயே வாங்கிவிட்டவர்களிடம் அது பத்திரமாக இருக்கிறது.

அந்தக் கார் சீட்டோடு நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் புரியும். இங்கே ரெடிங்கில் அதை வாங்கும்போது கடையில் ஒரு பெண் எங்கள் காருக்கே வந்து, சீட்டைத் தாங்கும் அடிப்பாகமான பேஸை, காரிலேயே பொருத்தி வரும் ஐசோஃபிக்ஸ் வளையங்களில் மாட்டி, சிவப்பாக இருந்த சின்ன ஜன்னல் பச்சையாக மாறுவதை இரண்டு தடவை காட்டி, என்னையும் ஒருமுறை செய்ய வைத்து, அப்புறம்தான் விட்டார். ஒரு ‘கிளிக்’, ஒரு பச்சை, வேலை முடிந்தது. அந்தப் பேஸ் மட்டுமே ஆறு கிலோவுக்கு மேல், அதையும் தூக்கிக்கொண்டு வர முடியாது, பெல்ட் போட்டே கட்டலாம் என்று கையேட்டில் படம் போட்டிருக்கிறது என்று நம்பி, பேஸை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். பச்சை ஜன்னல் இல்லாத உலகத்தில் எப்படி வாழ்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

எங்களை அழைத்துப் போக அம்மா கும்பகோணத்திலிருந்து அதே வண்டியில் வந்திருந்தார், பிளாஸ்க்கில் காபியோடு. பேரனைக் கையில் வாங்கி, முகத்தோடு முகம் வைத்து, கண் கலங்கி, ஐந்து நிமிடத்தில் தெளிந்து, “எதுக்குடா இப்படி நோண்டிக்கிட்டு இருக்க, நான் மடியில வெச்சிக்கிறேன்” என்றார். வேண்டாம் என்றேன். “உன்னை மடியில வெச்சுக்கிட்டுத்தான் திருப்பதிக்கே போனோம். அம்பாசடர்ல பின்னாடி ஆறு பேரு, முன்னாடி மூணு பேரு. உனக்கு என்ன ஆச்சு?” எனக்கு ஒன்றும் ஆகவில்லைதான். அந்தப் பயணம் லேசாக ஞாபகமும் இருக்கிறது. அத்தையின் பட்டுப் புடவை கன்னத்தில் உரசுவதும், பெட்ரோல் வாசமும், யாரோ உரித்துக் கொடுத்த ஆரஞ்சும். இதற்கு என்ன பதில் சொல்வது? திடீரென்று பிரேக் போட்டால் எட்டு கிலோ பிள்ளையை யாராலும் கையில் பிடித்து நிறுத்த முடியாது அம்மா என்று சொன்னால், “வாயைக் கழுவு” என்பார். சொன்னேன். அதையேதான் சொன்னார்.

சட்டமும் இல்லாமல் இல்லை. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 194பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். டிரைவர் தம்பியிடம் இதைச் சொன்னேன். “பின் சீட்டை யாரு சார் பாக்கிறா” என்றார், ஆறுதல் சொல்வது போல. எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. இங்கே பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரை பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டும், பார்க்கிற கண்களும் உண்டு. ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இதே பிரிட்டனில் டாக்ஸியில் குழந்தை இருக்கை இல்லையென்றால், மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெல்ட்கூட இல்லாமல் பின்னால் போகலாம் என்று சட்டமே விதிவிலக்கு கொடுத்திருக்கிறது. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

துழாவியதில் நடு இடத்துக்கான இடுப்பு பெல்ட் ஒன்று தட்டுப்பட்டது, விமானத்தில் வருமே அந்த வகை. எங்கள் சீட்டுக்கு அது உதவாது. பையன் அழ ஆரம்பித்தான். என் மனைவி ஒன்றும் பேசவில்லை, அது அழுகையைவிட மோசம். பார்க்கிங் கட்டணம் ஏறுகிறதே என்று டிரைவர் தம்பி மூன்றாவது முறை மணி பார்த்தார். வண்டியை வாடகைக்குக் கொடுத்த டிராவல்ஸ்காரர் போனை எடுக்கவே இல்லை.

அப்புறம்தான் அந்தத் தம்பி நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். சீட் கவர் தைத்தவருக்கே போன் போட்டார், விடிகாலை ஐந்து மணிக்கு. “பாய், தூங்குறீங்களா?” பாய் பல்லாவரத்தில் இருக்கிறாராம், தொழுகைக்கு எழுந்துவிட்டாராம். இருபது நிமிடத்தில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து இறங்கினார், கைலியும் முழுக்கைச் சட்டையும், ஒரு மஞ்சள் பை. பையில் பாதி பிளேடு, வளைந்த ஊசி, மெழுகு தடவிய நூல். இங்கே ஒரு பிளம்பர் வருவதற்கு “செவ்வாய்க்கிழமை எட்டிலிருந்து ஒரு மணிக்குள்” என்று நாள் குறிப்பார்கள்.

பாய் சீட்டைப் பார்த்தார், கார் சீட்டைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். உள்ளங்கையால் ரெக்ஸினை மெதுவாக அழுத்திக்கொண்டே போய், ஒரு இடத்தில் நிறுத்தி, “இங்கதான் இருக்கு” என்றார். நான் முக்கால் மணி நேரம் வேறு பக்கத்தில் தேடியிருக்கிறேன். தையலை ஒட்டி நாலு விரல் நீளத்துக்குப் பிளேடால் ஒரு கோடு. டிரைவர் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார், பதினோராயிரம் ஆயிற்றே. விரலை விட்டு நிமிண்டியதும் பக்கிள் வெளியே வந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், சிவப்புப் பொத்தானில் ஒரு கீறல் இல்லாமல், ஷோரூமில் இருந்து வந்த நாள் போலவே. வேலை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பாய் விடவில்லை. வெட்டிய விளிம்பு பிரிந்துபோகும் என்று சொல்லி, சட்டைக்கு எடுப்பது போலவே சுற்றிலும் காஜா எடுத்தார், கையாலேயே, என் போன் வெளிச்சத்தில். பணம் நீட்டினேன். “அவன்கிட்ட வாங்கிக்கிறேன்” என்று டிரைவர் தம்பியைக் காட்டினார். அவர், “நாங்க பாத்துக்கிறோம் சார்” என்றார். கடைசியில் அம்மா பிளாஸ்க்கைத் திறந்து அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார்.

இதற்குப் பிறகும் பெல்ட் ஒத்துழைக்கவில்லை என்பது தனிக் கதை. யாரும் இழுத்தே பழக்கமில்லாத பெல்ட், வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொண்டது. தூங்குகிற பிள்ளையின் கைக்கடியிலிருந்து துணியை உருவுவது போல, மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டியிருந்தது. இடுப்புப் பகுதி இரண்டு நீலக் கொக்கிக்கு அடியில், தோள் பகுதி சீட்டின் முதுகைச் சுற்றி. கடைசியில் நாலு விரற்கடைதான் மிச்சம். கிளிக் என்று சத்தம் வந்தது. பச்சை ஜன்னல் இல்லை, ஆனாலும் நம்பினேன். “பிள்ளை பின்னாடி பாத்துக்கிட்டே போனா தலை சுத்தாதா?” என்றார் அம்மா.

விக்கிரவாண்டி வரை தூங்கினான். பண்ருட்டிக்கு அப்புறம் கத்தினான் பாருங்கள், அப்படியொரு கத்தல். நிறுத்தித் தூக்கினால் முதுகு முழுக்கத் தொப்பலாக நனைந்திருக்கிறது. ஐரோப்பியக் குளிருக்குத் தைத்த கறுப்பு மெத்தை, மே மாத வெயில், பின்பக்கம் போய்ச் சேராத ஏசி. ஊருக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால் தோள் வரை வேர்க்குரு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சந்தனம் அரைத்துக்கொண்டு வந்து தடவினார், தடவும்போது ஒருமுறை என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். நூற்று எண்பது பவுண்டு கொடுத்து வாங்கிய சீட் அது.

தள்ளுவண்டியைப் பற்றிக் கேட்காதீர்கள். மூன்று வாரத்தில் அதைத் தெருவில் இறக்கியது ஒரே ஒரு தடவை, அதுவும் முனை திரும்புவதற்குள் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாயிற்று. மற்ற நாளெல்லாம் திண்ணையில் நின்றது, அப்பா அதில் பேப்பர் போட்டு வைத்தார்.

திரும்பி வந்து நாலு நாள் கழித்து டிரைவர் தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது. நடு வரிசையில் இன்னொரு ஜன்னல் பக்கமும் பக்கிளை வெளியே எடுத்து, அதே போலக் காஜா போட்டிருக்கிறார்கள். “ரெண்டு சைடும் ரெடி சார், அடுத்த தடவை டென்ஷன் வேணாம்.” எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், தையல் அவ்வளவு நேர்த்தி. ஓரத்தில் டிரைவர் சீட்டும் கொஞ்சம் தெரிந்தது. கிளிப் அங்கேயேதான் செருகியிருந்தது.